விசுவமடுவின் இரவல் இடாப்பு

கிளிநொச்சியில் எனக்குக் கிடைத்த முதல் காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற விருந்து. தேங்காய்ப் பாலை மூன்று தடவை பிழிந்து, காய்கறி நறுக்கி, இஞ்சிப் பச்சடி அரைத்து, அரை நாள் வேலை வாங்கும். இங்கே நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் தவமலர், என்னோடு பேசிக்கொண்டே இருபது நிமிடத்தில் சொதியை இறக்கி வைத்துவிட்டார்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுக் குழம்பி, "ஒண்டுமில்லையே. திங்கட்கிழமை" என்றார்.

தவமலர்தான் என்னை வரவழைத்தவர். கிளிநொச்சியில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் நூலகவியல் வகுப்புகளை நடத்துகிறார். அங்கே படிக்கிற பதினான்கு பேருக்கு மின்னூலகம் ஒன்றை எப்படித் திட்டமிட்டு உருவாக்குவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து நாள் வகுப்பு. ஆறாம் நாள், சனிக்கிழமை, செய்து முடித்ததை ஊர்மக்களுக்குக் காட்ட வேண்டும். இங்கே அதை எண்ணிம நூலகம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, முப்பது வருடமாகக் கல்லூரியில் எடுத்த அதே பாடத்தை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

முந்தின நாள் ரயிலில் எனக்கு எதிரே தெற்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு சிங்களக் குடும்பம். வவுனியா தாண்டியதும் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தகப்பனிடம் ஏதோ கேட்டாள். அவர் மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் எனக்கு மொழிபெயர்த்தார்: "இங்க ஏன் எல்லா வீடும் புதுசா இருக்கு எண்டு பிள்ளை கேட்குது. எல்லாரும் ஒரே நேரத்தில கட்டினவை எண்டு தகப்பன் சொல்லுறார்." அதற்குப் பிறகு நானும் வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் வகுப்பு. என் முதல் படத்தில் ஓலைச்சுவடிகள், இரண்டாவதில் ஒரு பழைய அரண்மனை நூலகம். "மின்னூலகம் என்றால் கையில் கிடைத்ததையெல்லாம் படமெடுத்துப் போடுவதில்லை. வேறெங்கும் இல்லாதது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

இரண்டாம் வரிசையில் இருந்த றிஸானா மட்டும் கையை உயர்த்தினாள். முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பம் ஊர் திரும்பியபோது கூடவே வந்தவள். ஒரு கிராம நூலகத்தில் வேலை.

"எங்கட லைபிரரியில இருக்கிறதெல்லாம் சண்டைக்குப் பிறகு வந்த புத்தகங்கள், மிஸ். அதுகள் கொழும்பிலயும் இருக்கு, யாழ்ப்பாணத்திலயும் இருக்கு. அதை ஏன் நாங்கள் படமெடுக்க வேணும்?"

சரியான கேள்வி. என்னைக் காப்பாற்றியது மின்வெட்டு. திரை இருண்டது, மின்விசிறி நின்றது, எல்லோரும் கதிரைகளை, அதாவது நாற்காலிகளை, தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமர நிழலுக்குப் போனோம். அங்கே பிளேன்ரீ வந்தது. பால் இல்லாத தேநீர். கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டி. தேநீர் உள்ளே போனதும் வகுப்பின் நாக்கு அவிழ்ந்தது.

"எங்கட ஊரில ஒரு இடாப்பு இருக்கு, மிஸ்" என்றான் சுகந்தன். விசுவமடுக்காரன். காலையில் வயல், பகலில் வகுப்பு.

"இடாப்பா?" என் காதுக்கு அது ஏதோ பாத்திரம் போலக் கேட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். "ரெஜிஸ்டர், மிஸ்" என்றாள் றிஸானா. நாங்கள் பதிவேடு என்பதை இவர்கள் இடாப்பு என்கிறார்கள்.

"வாசிகசாலையில புத்தகம் இரவல் குடுக்கிற இடாப்பு" என்று சுகந்தன் தொடர்ந்தான். "ஆர் எடுத்தது, என்ன புத்தகம், எப்ப திருப்பித் தந்தது எண்டு எல்லாம் எழுதியிருக்கு. இப்ப அந்த வாசிகசாலை இல்லை. புத்தகம் ஒண்டும் இல்லை. இடாப்பு மட்டும் இருக்கு. யோகேஸ்வரி அக்கா வச்சிருக்கிறா."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். புத்தகங்கள் அழிந்துபோய், அவற்றை வாங்கி வாசித்த கணக்கு மட்டும் மிஞ்சிய நூலகம். இரவல் வரிகளிலிருந்து புத்தகப் பட்டியலை மீட்டெடுக்க முடிந்தால், இல்லாத ஒரு நூலகத்தின் அலுமாரிகளை வரிசையாக நிறுத்திவிடலாம். என் பாடத்தில் இப்படி ஒரு அத்தியாயம் கிடையாது. ஓலைச்சுவடிப் படங்களை அன்றே மூடிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் தயாரிப்பு. என் கல்லூரியில் மேஜையளவு ஸ்கேனர் இருக்கிறது. இங்கே இருந்தது இரண்டு கதிரைகள், சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு கண்ணாடி, ஒரு மேசை விளக்கு, சுகந்தனின் கைத்தொலைபேசி. இரண்டு கதிரை முதுகுகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, அதில் ஓட்டை போட்டுத் தொலைபேசியைக் கேமரா கீழே பார்க்கும்படி வைத்தார்கள். கீழே தாளை வைத்து மேலே கண்ணாடியை அழுத்தினால் படம் நேராக, தெளிவாக விழுந்தது. மென்பொருள் இலவசம்; தவமலரின் பழைய மடிக்கணினியில் ஏற்றினோம். இணையம் இல்லாவிட்டாலும் ஒரே அறைக்குள் எல்லோரும் தங்கள் தொலைபேசியில் திறந்து பார்க்கும்படி அமைத்துக்கொண்டோம். மின்வெட்டு வந்தாலும் மூன்று மணி நேரம் தாங்கும்.

புதன்கிழமை றிஸானாவும் நானும் பஸ்ஸில் விசுவமடுவுக்குப் போனோம். அறுவடை முடிந்த சமயம். வீதியின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் பஸ்ஸும் லாரியும் மாடும் விட்டுக்கொடுத்துப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரிலும் சாலையில் நெல் காயப் போடுவார்கள், ஆனால் பஸ் அதன் மேலேயே போகும். இங்கே ஓட்டுநர் ஒரு மணியையும் மிதிக்காமல் வளைந்து வளைந்து போனார். சுகந்தன் மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே போய் யோகேஸ்வரியின் வாசலில் நின்றான்.

யோகேஸ்வரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முற்றத்தில் சாக்கு விரித்துக் கச்சான் காயப் போட்டிருந்தார். கச்சான் என்றால் நிலக்கடலை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து, உரப்பையில் சுற்றிய இடாப்பை எடுத்து வந்தார். தடித்த அட்டை. ஒரு மூலையில் தண்ணீர்க் கறை. உள்ளே நீல மையில் வரி வரியாகப் பெயர்கள், கையெழுத்துகள். பெரும்பாலும் யோகேஸ்வரியின் எழுத்து. அந்தச் சிறிய வாசிகசாலைக்கு அவர்தான் பொறுப்பாக இருந்திருக்கிறார்.

"சண்டையில ஓடும்போது எத்தனையோ பொருளை விட்டுட்டு வந்திருப்பீங்க. இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"மேசையில கிடந்தது. எடுத்தனான்" என்றார்.

கொடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தைக் கிழித்து, என் பெயர், அன்றைய தேதி, சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும் என்று எழுதி என்னிடம் நீட்டினார். "சைன் வையுங்கோ, ரீச்சர்." நான் வைத்தேன். முப்பது வருடமாக மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிய எனக்கு அது நன்றாகவே இருந்தது. போகும்போது ஒரு பை கச்சானும் தந்தார்.

றிஸானாவின் வீடு முல்லைத்தீவுப் பக்கம் என்பதால் அவள் அப்படியே ஊருக்குப் போய்விட்டாள். சுகந்தன் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். "வேண்டாம்ப்பா, தூசி. இடாப்புக்கு பஸ்தான் பத்திரம்" என்றேன். இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

வந்தது யாழ்ப்பாணம் போகிற பஸ். பரந்தன் சந்தியில் இறங்கி, கிளிநொச்சிக்கு வேறு பஸ் எடுக்க வேண்டும். இடாப்பும் கச்சானும் இருந்த துணிப்பையை மடியில் வைத்திருந்தேன். தருமபுரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். பையைத் தலைக்கு மேல் தட்டில் வைத்தேன். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடியது. "பரந்தன், பரந்தன்!" என்று நடத்துனர் கத்தினார். குழந்தையைத் தாயிடம் கொடுத்து, கண்ணாடியை மீட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் வடக்கே திரும்பிப் போனது. நான் குளிர்பானம் ஒன்று வாங்கி மூடியைத் திறந்தேன். அப்போதுதான் என் இன்னொரு கை காலியாக இருப்பது தெரிந்தது.

உலகத்தில் ஒரே ஒரு பிரதி. மூன்று மணி நேரம்கூட என்னிடம் இருக்கவில்லை.

சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, களவோ?" என்றார்.

"இல்லை தம்பி. மறந்து பஸ்ஸில் வச்சிட்டேன்."

"மறதியெண்டால் பிடிக்கலாம். ஏறுங்கோ."

அவர் பெயர் மதி. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் தொலைபேசியில் யாரையோ அழைத்தார். "மச்சான், யாழ்ப்பாணம் போற பஸ் ஒண்டு வரும், மறி." பிறகு என்னிடம் திரும்பி, "என்ன கலர் பஸ், அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. பேருந்தின் நிறமோ, எண்ணோ, எதுவும் நினைவில்லை. "நடத்துனர் சிவப்புச் சட்டை" என்றேன்.

"கொண்டக்டர் சிவத்தச் சேட்டாம், மச்சான். எல்லா பஸ்ஸையும் மறி!"

ஆனையிறவைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதை இப்படித்தான் கடந்தேன்: இரண்டு பக்கமும் ஏதோ தண்ணீர், ஏதோ வெள்ளைக் குவியல்கள், என் கண் மட்டும் முன்னால் தெரிந்த வீதியில். யோகேஸ்வரியிடம் என்ன சொல்வது என்பதை மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாக அமைத்துப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை.

இயக்கச்சியில் மதியின் மச்சானுடைய தேநீர்க் கடை. பஸ் போய்விட்டிருந்தது. ஆனால் பாண் என்கிற ரொட்டியை அடுக்கும் கண்ணாடி அலுமாரியின் மேல், சுத்தமான பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் என் துணிப்பை இருந்தது.

"பஸ்ஸை மறிக்க முந்தியே, தேடி வாறவையிட்டக் குடுக்கச் சொல்லி கொண்டக்டர் பையோட இறங்கிட்டார்" என்றார் கடைக்காரர். "போன் நம்பர் இருக்கோ எண்டு திறந்து பார்த்தவராம். இது பழைய வாசிகசாலைப் புத்தகம், தண்ணி படாத இடத்தில வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போறார். கச்சானில ஒரு பிடி எடுத்தவர். அதையும் சொல்லச் சொன்னவர்."

கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இடாப்பைத் திறந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு மிச்சக் கச்சானைக் கடைக்காரருக்கும் மதிக்கும் பகிர்ந்தேன். கடைக்காரர் தந்த தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஆனையிறவின் நடுவில் மதி வண்டியை நிறுத்தினார். "இப்ப பாருங்கோ, அம்மா." பார்த்தேன். தட்டையான பெரிய தண்ணீர், மாலை வெயிலில் உப்புக் குவியல்கள், முகத்தில் அறைகிற காற்று. இடாப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தேன். வடிவாகத்தான் இருந்தது. மூன்று நாளில் "அழகு" என்ற சொல் என் வாயில் "வடிவு" ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சுகந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். பிறகு வேலை தொடங்கியது. இருவர் படமெடுக்க, மற்றவர்கள் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு தட்டெழுதினார்கள்.

மதியத்துக்குள் ஒரு சந்தோஷமான விஷயம் தெரிந்தது. யோகேஸ்வரி அவசரத்தில் புத்தகத்தின் பெயரை முழுதாக எழுதுவதில்லை. எண்ணை மட்டும் ஒழுங்காக எழுதுவார். ஒரே எண்ணுக்கு ஒரு வரியில் "வெங்காயம்", இன்னொரு வரியில் சாகுபடியைக் குறிக்கும் "வெங்காயச் செய்கை", வேறொரு பக்கத்தில் "செய்கையும் நோய்களும்". பத்துப் பேர் எடுத்த வரிகளைச் சேர்த்தால் ஒரு முழுத் தலைப்பு கூடிவந்தது. "மிஸ், இன்னொண்டு முடிஞ்சுது!" என்று மூலைக்கு மூலை குரல் கேட்டது. ஒரு பேய்க்கதைப் புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் "கடைசித் தாள் இல்லை" என்று எழுதியிருந்தது. அப்படியும் ஊரில் பாதிப் பேர் அதை எடுத்திருந்தார்கள்.

மாலையில்தான் சண்டை வந்தது. தட்டெழுதிக்கொண்டிருந்த சுகந்தன் திடீரென்று நிறுத்தினான். "எங்கட பெரியப்பான்ர மகன்" என்று ஒரு பெயரைக் காட்டினான். "மிஸ், பேரைப் போட்டுத் தேடினால் வரக்கூடியமாதிரிச் செய்யவேணும். செத்த ஆக்களின்ர கையெழுத்து வேற எங்க இருக்கு?"

"அப்பிடிச் செய்யேலாது" என்றாள் றிஸானா. "ஒருத்தர் என்ன வாசிச்சவர் எண்டு நாங்கள் ஊருக்குச் சொல்லலாமோ? அவையிட்டக் கேட்டனாங்களோ?"

"கேட்க ஆள் இருந்தால்தானே கேட்கலாம்."

"உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரும் உதுக்குள்ள கிடக்கு." அவள் குரல் உயரவில்லை. "நாங்கள் திரும்பி வந்து குடியேறின நேரம் எத்தினை பதிவுப் போம் நிரப்பினனாங்கள். எங்க இருந்தனீங்கள், எப்ப போனனீங்கள், வீட்டில எத்தினை பேர். எங்கட வீட்டு விசயம் எத்தினை பைலுக்குள்ள இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆர் வாசிக்கினம் எண்டும் தெரியாது. அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

வாசகரின் தனிமை பற்றி என்னிடம் அழகான நான்கு வரிப் பாடம் உண்டு. ஊரில் என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன். சுகந்தனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. றிஸானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாற்றிச் சொல்லவும் முடியவில்லை.

"இடாப்பு அவாவின்ர. அவாவிட்டயே கேட்பம்" என்றார் தவமலர்.

தொலைபேசியை எல்லோரும் கேட்கும்படி வைத்து யோகேஸ்வரியை அழைத்தோம். முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். இடாப்பு தனியாக இயக்கச்சி வரை போய்வந்த கதையை அவர் முழுதாகக் கேட்டார்.

"நான் அதை மூண்டு தரம் விட்டிட்டு வந்து, மூண்டு தரம் திரும்பிப் போய் எடுத்தனான், ரீச்சர்" என்றார் பிறகு. "நீங்கள் ஒரு தரம்தானே. விடுங்கோ."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு றிஸானா ஒரு பக்கத்தையும் சுகந்தன் மறு பக்கத்தையும் அவருக்கு விளக்கினார்கள். இருவரும் நேர்மையாகவே விளக்கினார்கள்.

"புத்தகத்தை எல்லாருக்கும் காட்டுங்கோ" என்றார் யோகேஸ்வரி. "பேரைப் பூட்டி வையுங்கோ. தங்கட ஆளைத் தேடி ஆரும் வந்தால் நான் திறந்து காட்டுறன். வாறவை என்ர முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்."

"சரி, அக்கா. முதல் ஆள் நான்தான் வருவன்" என்றான் சுகந்தன். சொன்னபடியே சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முந்திப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். என்ன பார்த்தான் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூட்டு வேலை. படங்களில் பெயர் வரும் பகுதியை மறைத்து ஒரு பிரதி, முழுப் பிரதி கடவுச்சொல்லுக்குள். றிஸானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து அவித்தது. நான் ஊரிலிருந்து தூக்கிவந்த அல்வாவை எதிரே வைத்தேன். நான்கு நிமிடத்தில் இரண்டு தட்டும் காலி. எது முதலில் முடிந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

சனிக்கிழமை விசுவமடுவில், யோகேஸ்வரியின் வீட்டுக்கு அருகில் உள்ள பொது மண்டபத்தில் மடிக்கணினியை வைத்தோம். பெரிய விழா எதுவும் இல்லை. வடையும் தேநீரும். ஊர்க்காரர்கள் தங்கள் தொலைபேசிகளில் பழைய வாசிகசாலையைத் திறந்து, "இந்தப் பேய்க்கதை இருந்ததடா!" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அதன் கடைசித் தாளில் என்ன இருந்திருக்கும் என்று இரண்டு பெரிய மனிதர்கள் உண்மையாகவே வாதாடினார்கள். நான் இடாப்பை யோகேஸ்வரியிடம் ஒப்படைத்தேன். அவர் என் காகிதத்தைத் தேடி எடுத்து, கோடு போட்டு அடித்து, என்னிடமே தந்தார்.

பத்தரை மணிவாக்கில் ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதே ஊரில் தையல் வேலை செய்கிறவர், பெயர் ஜெயந்தி.

"அக்கா, பேர் பார்க்கலாமோ?"

"ஆற்ற பேர்?"

"தம்பின்ர. நிரஞ்சன்."

யோகேஸ்வரி மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். கடவுச்சொல்லை ஒரு விரலால் நிதானமாகத் தட்டினார். இரண்டு பேரும் திரைக்கு முன்னால் குனிந்தார்கள். நான் விலகி நின்றாலும் மண்டபம் சிறியது.

"ஆறு தரம் எடுத்திருக்கிறான்" என்றார் யோகேஸ்வரி.

"ஆறு தரமோ? வாசிக்கிற ஆளே அவன்?" ஜெயந்தி சிரித்தார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். ஆறு வரியிலும் ஒரே எண். சட்டை வெட்டித் தைக்கும் முறை சொல்லும் புத்தகம். "ஐயோ அக்கா, இது எனக்கு எடுத்தது. நான் மெம்பர் இல்லையெல்லோ. அவன்தான் தன்ர பேரில எடுத்துத் தாறவன்." என் பக்கம் திரும்பி, எனக்கும் தெரிய வேண்டும் என்பதுபோல, "கடைசி இடப்பெயர்வில செத்துப்போனான், மிஸ்" என்றார்.

ஆறாவது வரியில் திருப்பித் தந்த தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யோகேஸ்வரி அதில் விரலை வைத்தார். "இது திரும்பி வரேல்ல."

ஜெயந்தி நிமிர்ந்து வெளியே போனார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

றிஸானா என்னைப் பார்த்தாள். காட்டியது பிழையோ என்ற கேள்வி அவள் முகத்தில் இருந்தது. யோகேஸ்வரி மட்டும் ஒரு வடையை எடுத்து மென்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் போனது. நான் வெளியே வந்து வீதியைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தேன்.

சைக்கிள் திரும்பி வந்தது. ஜெயந்தியின் கையில் துணியில் சுற்றிய ஒரு புத்தகம். அட்டை இல்லை. ஓரமெல்லாம் ஊசித் துளை. பக்கம் பக்கமாகப் பென்சிலில் யார் யாருடையவோ தோள் அளவு, இடுப்பு அளவு.

"இந்தாங்கோ, அக்கா. முகாமில இதைப் பார்த்துத்தான் சனத்துக்குச் சட்டை தைச்சுக் குடுத்தனான். என்ர சீவியம் போனது இதாலதான். வாசிகசாலைப் புத்தகம் எண்டதையே மறந்துபோனன்."

யோகேஸ்வரி புத்தகத்தைத் திருப்பி, உள்ளே முத்திரையோடு இருந்த எண்ணைத் தேடினார். இடாப்பைத் திறந்தார். எண் சரியாக இருந்தது. பேனாவை எடுத்தார்.

எழுதாதீங்க என்று என் வாய் வரைக்கும் வந்தது. மூல ஆவணம். படமெடுத்து, விவரம் எழுதி, சேகரிப்பில் ஏற்றியாயிற்று. இனிமேல் ஒரு புள்ளிகூட அதில் விழக்கூடாது என்பதுதான் நான் படித்தது, முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தது. பேனா இறங்கிவிட்டது. நிரஞ்சனின் ஆறாவது வரியில், வெறுமையாக இருந்த இடத்தில், அன்றைய தேதியை அவர் எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு இடாப்பைச் சுழற்றி ஜெயந்தியின் பக்கம் நகர்த்தினார். "தேவையெண்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கோ. இந்த முறை உங்கட பேரில."

கடைசி வரிக்குக் கீழே, புதிய வரியில், ஜெயந்தி தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார். தையற்காரியின் கை; எழுத்து நூல் பிடித்தது போல நேராக ஓடியது.

"மிஸ், இந்தப் பக்கத்தைத் திரும்பப் படமெடுக்க வேணும்" என்று றிஸானா தொலைபேசியோடு வந்தாள். கண்ணாடியை வைப்பதற்கு முன் ஒரு கணம் நின்றாள். "இந்தப் பேரையும் பூட்டுறதோ?"

நான் பதில் சொல்வதற்குள் ஜெயந்தி சொன்னார்: "என்ர பேரைப் போடுங்கோ, பிள்ளை. நான் இருக்கிறன்தானே."

றிஸானா அந்த ஒரு வரியை மட்டும் மறைக்காமல் விட்டாள்.

நான் ஊர் திரும்பிய பிறகு அவர்கள் பெயர் மறைத்த பிரதியை இணையத்தில் ஏற்றினார்கள். போன வாரம் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஜெயந்தியைப் போல இன்னும் மூன்று பேர் பழைய புத்தகத்தோடு வந்திருக்க வேண்டும்; பெயர் தெரிகிற வரிகள் நான்காகியிருந்தன. பேய்க்கதை இன்னும் திரும்பி வரவில்லை.